யோனாவும் ஆகாபும்: ஒரு விவிலியக் கதை இருட்புதினமான வரலாறு

பழங்கதையைப் புதிதாகச் சொல்லுதல் தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. வான்மீகி பாடாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் தம் காவியத்தில் அமைத்தார். நற்செய்தி நூல்களில் மிகச் சில இடங்களிலேயே தோன்றி மறையும் சூசையப்பரை, வீரமாமுனிவர் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட 'தேம்பாவணி'யின் தலைவராக்கினார். புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தில் அகலிகையை மீண்டும் கல்லாக்கினார். மூன்றும் மறுபடைப்புகளே. எனினும் முதலிரண்டும் மூலத்தின் ஒளியைப் பெருக்குகின்றன; மூன்றாவதோ மூலத்தின் இருளைத் துருவிப் பார்க்கின்றது.

இவ்விரண்டாம் வகையே ஆசிரியர்களுக்குத் தலைவலி தருவது. புனித நூற்கதை ஒன்றை அச்சமும் சாவும் நிறைந்த சாகசப் புதினமாக ஒரு மாணவர் எழுதிவந்து நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதனை எவ்வாறு மதிப்பிடுவது? "புனிதக் கதையைக் கெடுத்துவிட்டாய்" என்று ஒதுக்குவார் ஒரு சாரார். "புதுமை செய்தாய்" என்று முதுகில் தட்டிக்கொடுப்பார் மறு சாரார். இரு சாராரும் படைப்பைப் படித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர் ஆகார். இதற்கு உறுதியான அளவுகோல் ஒன்று வேண்டும். அவ்வளவுகோலைத் தேட, விவிலியத்தின் யோனா கதையையும், அதனைத் தன் வயிற்றுள் அடக்கிக்கொண்ட 'மோபி டிக்' என்னும் அமெரிக்கப் புதினத்தையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

பாதியில் நிற்கும் கதை

யோனா என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மீன். இறைவனின் கட்டளைக்கு அஞ்சி ஓடிய ஒருவன் கடலில் எறியப்பட்டான், பெரிய மீன் ஒன்று அவனை விழுங்கியது, மூன்று பகலும் மூன்று இரவும் அதன் வயிற்றில் கிடந்தான், மனம் மாறினான், மீன் அவனைக் கரையில் கக்கியது. இஸ்லாமிய மாணவர்கள் இவரையே யூனுஸ் நபி என அறிவர். திருக்குர்ஆனின் பத்தாம் அத்தியாயம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. யூதர்கள் தங்கள் பாவநிவாரண நாளின் பிற்பகல் வழிபாட்டில் இந்நூலை முழுமையாகப் படிக்கின்றனர். மூன்று சமயத்தார்க்கும் உரிய கதை இது.

ஆயினும் வகுப்பறையில் சொல்லப்படும் கதை பெரும்பாலும் மீனோடு நின்றுவிடுகின்றது. யோனா நூல் நான்கே அதிகாரம் உடையது. மீன் இரண்டாம் அதிகாரத்தோடு விடைபெறுகின்றது. மூன்றாவதில் யோனா நினிவே நகருக்குச் சென்று, இன்னும் நாற்பது நாளில் நகர் அழியும் என்று முழங்குகிறார். அரசன் முதல் கால்நடை வரை அனைவரும் இரட்டுடுத்து நோன்பிருக்கின்றனர். இறைவன் மனமிரங்கி நகரை அழிக்காது விடுகிறார். இங்கே கதை முடிந்திருந்தால் அஃது எளிய நீதிக்கதை.

நான்காம் அதிகாரமே நூலின் உயிர். நினிவே பிழைத்ததற்காக யோனா சினங்கொள்கிறார். தாம் முதலில் ஓடிய காரணத்தை அப்போதுதான் வெளியிடுகிறார். கடலுக்கு அஞ்சியோ அரசனுக்கு அஞ்சியோ அவர் ஓடவில்லை. இறைவன் இரக்கமுடையவர், எதிரியையும் மன்னித்துவிடுவார் என்று அறிந்தமையால் ஓடினார்! நினிவே அசீரியரின் மாநகர். அவ்வசீரியரே கி.மு. 722-இல் வட இசுரவேல் நாட்டை வீழ்த்தியவர்கள். அத்தகைய பகைவர் பிழைப்பதைக் காண யோனாவின் நெஞ்சம் ஒப்பவில்லை. நகருக்கு வெளியே சென்று, அதற்கு என்ன நேரும் எனப் பார்த்து அமர்கிறார். ஓர் ஆமணக்குச் செடி முளைத்து நிழல் தருகின்றது; மறுநாள் புழு அரித்து அது பட்டுப்போகின்றது. செடிக்காக யோனா வருந்துகிறார். நீ நட்டு வளர்க்காத ஒரு செடிக்காக இரங்குகிறாயே, வலக்கை இடக்கை வேறுபாடு அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேரும் மிகுதியான கால்நடைகளும் உள்ள நகருக்காக நான் இரங்க வேண்டாமா என்று இறைவன் வினவுகிறார். அவ்வினாவோடு நூல் முடிகின்றது. யோனா விடை கூறினாரா? நூல் சொல்லவில்லை. விடையைப் படிப்பவரிடம் விட்டுவிடுகின்றது.

ஆக, யோனா கதையின் மையம் மீனன்று; பகைவன்மீது காட்டப்படும் இரக்கத்தைத் தாங்கமாட்டாத ஒரு மனிதனின் சினமே அதன் மையம். இதனை மனத்திற் கொண்டால்தான் மெல்வில் செய்தது என்னவென்று விளங்கும்.

கடலை அறிந்த கலைஞர்

ஹெர்மன் மெல்வில் (1819–1891) நியூயார்க்கில் பிறந்தவர். 1841 சனவரியில் 'அக்குஷ்நெட்' என்னும் திமிங்கல வேட்டைக் கப்பலில் எளிய மாலுமியாகப் புறப்பட்டார். விளக்கெரிக்கத் திமிங்கல எண்ணெய் தேவைப்பட்ட காலம் அது. 1820-இல் 'எசெக்ஸ்' என்னும் வேட்டைக் கப்பலைப் பசிபிக் பெருங்கடலில் ஒரு திமிங்கலம் முட்டி மூழ்கடித்த செய்தியையும் அவர் அறிந்திருந்தார். தாம் பட்டறிந்த தொழிலும், கேட்டறிந்த விபத்தும், சிறுவயது முதல் பழகிய விவிலியமும் ஒன்றுகலந்து 1851-இல் 135 இயல்களும் ஒரு முடிவுரையும் கொண்ட புதினமாக உருப்பெற்றன.

கதையின் எலும்புக்கூடு எளியது. 'பெக்குவாட்' என்னும் கப்பலின் தலைவன் ஆகாப். மோபி டிக் என்னும் வெண்திமிங்கலம் முன்னொரு வேட்டையில் அவன் காலைப் பறித்துவிட்டது. எண்ணெய் தேடப் புறப்பட்ட கப்பலைத் தன் பழிவாங்கும் கருவியாக அவன் மாற்றிக்கொள்கிறான். கடைசியில் கப்பலும் மாலுமிகளும் அழிகின்றனர். கதை சொல்லும் இஸ்மவேல் ஒருவனே எஞ்சுகிறான்.

"இதில் யோனா எங்கே? ஆகாப் என்னும் பெயர் இராஜாக்கள் நூலில் வரும் கொடிய அரசனுடையது; இஸ்மவேல் ஆதியாகமத்தில் வருபவன்" என்று ஒருவர் வினவலாம். உண்மையே. பெயர்களை மெல்வில் விவிலியத்தின் பல மூலைகளிலிருந்தும் எடுத்தார். ஆனால் கதையின் திறவுகோலை யோனாவிடமிருந்தே எடுத்தார். கப்பல் இருபத்திரண்டாம் இயலிற்றான் துறைமுகம் விட்டுப் புறப்படுகின்றது. ஆகாப் இருபத்தெட்டாம் இயலிற்றான் மேல்தளத்திற்கு வருகிறான். அதற்கு வெகு முன்னரே, ஒன்பதாம் இயலில், நியூ பெட்ஃபோர்ட் நகரின் மாலுமிகள் தேவாலயத்தில் மேப்பிள் பாதிரியார் யோனாவைப் பற்றி ஒரு முழுநீளச் சொற்பொழிவு ஆற்றுகிறார். எண்பத்து மூன்றாம் இயலும் யோனாவைப் பற்றியதே. அதற்கு முந்திய இயலிலோ, திமிங்கலத்தோடு தொடர்புடைய பெருமக்களின் வரிசையில் யோனாவுக்குப் பக்கத்தில் திருமாலின் மச்சாவதாரத்தையும் மெல்வில் நிறுத்தியிருப்பதைக் காணும் தமிழ் மாணவர் வியப்படைவர்.

சொற்பொழிவு காட்டும் கலை

மறுபடைப்பின் நுட்பத்தைக் கற்க விரும்புவோர் மேப்பிளின் சொற்பொழிவைக் கூர்ந்து படித்தல் வேண்டும். யோனா யோப்பா துறைமுகத்திற்குப் போனார், கப்பலைக் கண்டார், கூலி கொடுத்து ஏறினார் என்னும் செய்தி விவிலியத்தில் ஒரே வசனம். அவ்வொரு வசனத்தை மேப்பிள் ஒரு குற்றக்கதையாக விரிக்கிறார். யோனா தொப்பியைத் தாழ்த்திக்கொண்டு, கண்ணைத் திருப்பிக்கொண்டு துறைமுகத்தில் பதுங்கி நடக்கிறார். மூட்டை முடிச்சு ஒன்றும் இல்லை. வழியனுப்ப நண்பரும் இல்லை. மாலுமிகள் ஐயுறுகின்றனர். தந்தையைக் கொன்ற ஒருவனைப் பிடித்துத் தருவோர்க்கு ஐந்நூறு பொற்காசு என்னும் அறிவிப்பு, துறைமுகக் கம்பத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றது. ஒருவன் அதைப் படித்துவிட்டு யோனாவின் முகத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறான். கப்பல் தலைவனோ மும்மடங்கு கூலி கேட்டு ஆளைச் சோதிக்கிறான். மறுபேச்சின்றிக் கொடுத்ததும், இவன் ஓடிவந்தவனே என்று தேர்கிறான். எனினும் காசுக்காக ஏற்றிக்கொள்கிறான்.

இவை எவையும் மூலத்தில் இல்லை. ஆயினும் மூலத்திற்குப் புறம்பானவை என்றும் சொல்ல இயலாது. இறைவனிடமிருந்தே ஓடுபவன் மனிதர் கண்ணுக்கு எப்படித் தோன்றியிருப்பான் என்னும் வினாவுக்கு இவை விடை. எல்லாவற்றிலும் சிறந்தது அந்தச் சிற்றறையின் விளக்கு. கப்பல் ஒருபுறம் சாய்கின்றது, அறையும் சாய்கின்றது, தொங்கும் விளக்கு மட்டும் நேராக நிற்கின்றது. நேராக நிற்கும் விளக்கைக் கண்டே தன் அறை எவ்வளவு கோணியிருக்கின்றது என்று யோனா அறிந்து நடுங்குகிறார். மனச்சான்றைப் பற்றி ஒரு பக்கம் அறிவுரை எழுதியிருந்தாலும் இவ்விளக்கு செய்ததைச் செய்திராது. இருளை எழுத விரும்பும் இளைஞர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு: குருதியைக் கூட்டுவதால் இருள் மிகாது, நேரான பொருள் ஒன்றைக் காட்டினால்தான் கோணல் தெரியும்.

இவ்வளவு விரிவாக யோனாவைப் பேசிய மேப்பிள், பொய்யின் முகத்துக்கு நேரே மெய்யை முழங்கும் கடமைக்கு யோனா திரும்பியதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார். நினிவே மன்னிக்கப்பட்டது சொல்லப்படவில்லை. யோனாவின் சினம் சொல்லப்படவில்லை. ஆமணக்குச் செடியும் புழுவும் இல்லை. நான்காம் அதிகாரம் முழுவதுமே விடுபட்டுப் போயிற்று. கீழ்ப்படிதலையும் தண்டனையையும் கேட்ட மாலுமிகள், இரக்கத்தைக் கேளாமலே கடலுக்குச் செல்கின்றனர். இது மெல்வில் அறியாமற் செய்த பிழையாக இருக்க முடியாது. நான்காம் அதிகாரம் இல்லாத உலகில் என்ன நிகழும் என்பதையே பின்வரும் நூற்று இருபத்தாறு இயல்களும் காட்டுகின்றன.

தலைகீழாகும் கதை

யோனா ஓடுகிறார், ஆகாப் துரத்துகிறான். யோனாவை மீன் விழுங்கிக் காப்பாற்றுகின்றது. ஆகாபைத் திமிங்கலம் கடித்து ஊனமாக்குகின்றது. யோனா மூன்று நாள் மீனின் வயிற்றில் இருந்து உயிர் பெறுகிறார். ஆகாப் மூன்று நாள் திமிங்கலத்தை விரட்டி உயிர் இழக்கிறான். புதினத்தின் கடைசி மூன்று இயல்களும் முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று பெயர் பெற்றிருப்பது தற்செயல் ஆகாது.

இவற்றினும் ஆழமான தலைகீழாக்கம் ஒன்று உண்டு. யோனா நூலில் புயல் அடிக்கும்போது, தன்னைக் கடலில் எறிந்துவிடுமாறு யோனாவே கூறுகிறார். ஒருவன் கடலுள் வீழ, மற்றவர் அனைவரும் பிழைக்கின்றனர். பெக்குவாட் கப்பலிலோ, ஒருவனுடைய பகையின் பின்னால் அனைவரும் கடலுள் வீழ, ஒருவன் மட்டும் பிழைக்கின்றான். யோனாவின் மாலுமிகள் வேற்றுத் தெய்வங்களை வணங்குபவர்; ஆயினும் அந்நியன் ஒருவனை எறிய மனமின்றி, கரைசேர முயன்று துடுப்பு வலிக்கின்றனர். எறியும் முன் மன்னிப்பும் வேண்டுகின்றனர். பெக்குவாட்டின் மாலுமிகளோ ஆகாபை எதிர்த்து உறுதியாக நிற்கவில்லை. அவன் பாய்மரத்தில் ஒரு பொற்காசை ஆணியடித்து, வெண்திமிங்கலத்தை முதலில் காண்பவனுக்கு அது பரிசு என்றதும் ஆரவாரம் செய்து உறுதிமொழி எடுக்கின்றனர். துணைத்தலைவன் ஸ்டார்பக் ஒருவனே தடுத்துப் பேசுகிறான். அறிவற்ற விலங்கின்மேல் பழி தீர்ப்பது பித்து என்கிறான். ஒருநாள் இரவு உறங்கும் ஆகாபின் அறை வாயிலில் துப்பாக்கியோடு நின்று, சுடவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல் தவித்துத் திரும்புகிறான். திமிங்கலம் உன்னைத் தேடவில்லை, நீயே அதனைத் தேடுகிறாய் என்று மூன்றாம் நாளில் அவன் கதறுவதும் வீணாகின்றது.

வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தில் வரைந்த ஓர் உருவகம் இங்கு நினைவுக்கு வருகின்றது. சினம் தன்னைச் சேர்ந்தவனைக் கொல்வதோடு நில்லாது, அவனைக் கரையேற்ற வேண்டிய சுற்றம் என்னும் தெப்பத்தையும் சுட்டுவிடும் என்பது அது. நாந்தக்கெட் தீவின் வேட்டைக்காரரை அறியாத புலவர் ஒருவர், பெக்குவாட்டின் கதையை இரண்டடியில் முன்னரே எழுதிவைத்தாற்போல் உள்ளது.

ராகேல் என்னும் கப்பல்

புதினத்தின் உச்சம் திமிங்கலத்தோடு நிகழும் இறுதிப்போர் என்று பலர் கருதுவர். என் கருத்தில் அது நூற்று இருபத்தெட்டாம் இயலிலேயே நிகழ்ந்துவிடுகின்றது. 'ராகேல்' என்னும் மற்றொரு வேட்டைக் கப்பல் எதிர்ப்படுகின்றது. பிள்ளைகளை இழந்து ஆறுதல் பெற மறுத்து அழும் ராகேலை எரேமியாவின் நூல் அறியும். அக்கப்பலின் தலைவன் கார்டினருடைய படகொன்று, வெண்திமிங்கலத்தைத் துரத்திச் சென்று காணாமற் போய்விட்டது. அதில் அவனுடைய மகன் இருக்கிறான், வயது பன்னிரண்டு. நாற்பத்தெட்டு மணி நேரம் உன் கப்பலையும் தா, சேர்ந்து தேடுவோம், கூலியும் தருகிறேன் என்று கெஞ்சுகிறான். ஆகாபும் ஒரு சிறுவனுக்குத் தந்தை என்பதை எடுத்துக்காட்டி மன்றாடுகிறான். ஆகாப் மறுக்கிறான். நேரம் வீணாகின்றது என்று சொல்லிக் கப்பலைத் திருப்புகிறான்.

யோனாவின் நான்காம் அதிகாரம் இங்கே எழுப்பப்படுகின்றது. இலட்சத்து இருபதினாயிரம் பேருக்காக நான் இரங்க வேண்டாமா என்று அங்கே இறைவன் கேட்டார். ஒரே ஒரு சிறுவனுக்காக நீ இரங்க மாட்டாயா என்று இங்கே ஒரு தந்தை கேட்கிறான். அங்கே வினா விடையின்றி நின்றது. இங்கே ஆகாப் விடை கூறிவிடுகிறான். அவ்விடை கூறப்பட்ட கணமே பெக்குவாட் மூழ்கிவிட்டது. பின்னர்த் திமிங்கலம் முட்டுவது அதன் புற நிகழ்ச்சியே.

ஆனால் மெல்வில் இருளோடு நிற்கவில்லை. குவீக்வெக் என்பான் தென்கடல் தீவொன்றைச் சேர்ந்த எறியீட்டி வீரன். உடலெங்கும் பச்சை குத்தியவன். இஸ்மவேலின் ஆருயிர்த் தோழன். தன்னை எள்ளி நகையாடிய ஒருவன் கடலில் தவறி விழுந்தபோது, சிறிதும் தயங்காமல் பாய்ந்து மீட்டவன். நோயுற்றபோது அவனுக்கெனச் செய்த சவப்பெட்டி, அவன் பிழைத்தெழுந்த பின் உயிர்காப்பு மிதவையாக மாற்றப்பட்டது. கப்பல் மூழ்கிய சுழியிலிருந்து அப்பெட்டி மேலெழும்பி வருகின்றது. அதைப் பற்றிக்கொண்டே இஸ்மவேல் மிதக்கிறான். மறுநாள் அவனைக் கண்டெடுப்பது எந்தக் கப்பல்? தன் பிள்ளையை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் அதே 'ராகேல்'. ஆகாப் மறுத்த இரக்கம், ஆகாபின் மாலுமியை வந்து காக்கின்றது.

இந்த முடிவுரைக்கு நேர்ந்ததும் கருதத்தக்கது. 1851 அக்டோபரில் இலண்டனில் வெளிவந்த முதற்பதிப்பில் அது அச்சேறாமல் விடுபட்டது. அனைவரும் இறந்தபின் கதை சொன்னவன் யார் என்று ஆங்கில விமரிசகர் சிலர் குறை கூறினர். நாம் வகுப்பறையில் யோனாவின் கடைசி அதிகாரத்தை விட்டுவிடுகின்றோம், மேப்பிளும் விட்டுவிட்டார், அச்சகமோ மெல்வில்லின் கடைசிப் பக்கத்தையே விட்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் இழக்கப்பட்டது இரக்கம் வெளிப்படும் பகுதியே.

குறைகள்

இப்புதினம் குறையற்றதன்று. திமிங்கலத்தின் வகைகளையும் உறுப்புகளையும் விளக்கும் இயல்கள் கதையோட்டத்தைப் பலமுறை தடுக்கின்றன. பெண்கள் ஓரிரு இடங்களில் தோன்றுவதோடு சரி. நம் மண்ணோடு தொடர்புடைய ஒரு குறையையும் சுட்டியாக வேண்டும். எண்பத்தேழாம் இயல் மலாக்கா தீபகற்பத்தின் வருணனையோடு தொடங்குகின்றது. பெக்குவாட் சுந்தா நீரிணையைக் கடக்கும்போது மலாய்க் கடற்கொள்ளையர் அதனைப் பின்தொடர்கின்றனர். முன்னே திமிங்கலக் கூட்டம், பின்னே கொள்ளையர். துரத்துபவனே துரத்தப்படுபவனுமாகிறான் என்பதை ஆகாப் அங்கே உணர்கிறான். கலை நோக்கில் இது சிறந்த காட்சி. ஆயினும் இவ்வட்டாரத்து மக்கள் பெயரும் முகமும் அற்ற கொடியோராகவே அதில் வந்துபோகின்றனர். குவீக்வெக்கைத் தீட்டுவதில் தம் காலத்தை வென்ற மெல்வில், இவ்விடத்தில் தம் காலத்துக்குள்ளேயே நின்றுவிட்டார். இந்நாட்டு மாணவர் இதனைக் கேள்வி கேட்டே படித்தல் வேண்டும்.

எழுதப்பட்ட காலத்தில் இந்நூல் போற்றப்படவில்லை. மெல்வில் நியூயார்க் சுங்கத்துறையில் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றி, ஏறத்தாழ மறக்கப்பட்டவராகவே மறைந்தார். 1921-இல் இரேமண்ட் வீவர் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்த பின்னரே அவர் புகழ் மீண்டும் எழுந்தது.

முடிவாக

தொடக்கத்தில் தேடிய அளவுகோல் இப்போது நம் கைக்கு எட்டுகின்றது. மறுபடைப்பு மூலத்தின் நிகழ்ச்சிகளை அப்படியே காத்ததா என்பது முதன்மையான வினாவன்று. மெல்வில் அவற்றைத் தலைகீழாக்கிவிட்டார். மூலம் எழுப்பிய வினாவைக் காத்ததா என்பதே வினா. 'மோபி டிக்' யோனாவின் கதையை அடையாளம் தெரியாமல் மாற்றியும், யோனாவின் வினாவை ஓர் எழுத்தும் குறையாமல் காத்தது. மீனை அப்படியே வைத்துக்கொண்டு அவ்வினாவைத் தொலைத்துவிடும் நம் வகுப்பறைக் கதையைவிட அது மூலத்திற்கு நெருக்கமானது என்று துணிந்து கூறலாம்.

தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் பல சமயத்துப் பிள்ளைகள் அருகருகே அமர்கின்றனர். நன்னெறிக் கல்வியில் கீழ்ப்படிதலையும் தண்டனையையும் கற்பிப்பது எளிது. பிடிக்காதவன் பிழைத்துப் போவதைப் பொறுத்துக்கொள்ளக் கற்பிப்பது அரிது. யோனாவை மீனோடு நிறுத்திவிட்டால் எளியதை மட்டுமே கற்பித்தவர் ஆவோம். ஆசிரியர்கள் நான்காம் அதிகாரத்தையும் சொல்ல வேண்டும். ஆமணக்குச் செடியைக் காட்ட வேண்டும். இறுதி வினாவுக்கு விடை சொல்லாமல் மாணவரிடமே விட்டுவிட வேண்டும். அதற்குப் பின் ஒரு மாணவர் அக்கதையை இருள் சூழ்ந்த சாகசமாக எழுதிவந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அவ்விருளில் எங்கேனும் ஒரு விளக்கு நேராகத் தொங்குகின்றதா என்று பார்த்தால் போதும்.